வெங்கச்சங்கல் – 9: மீட்டர் ஓடுகிறது

சென்ற வாரம் மேட்டூர் கெமிக்கல்ஸ் வாசலில் உங்களை நிறுத்திவிட்டுப் போனேன். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து மேட்டாங்காடுகளில் ஏர் ஓட்டினால் கொழுமுனையில் இடறும் வெள்ளைக் கல்தான் வெங்கச்சங்கல். இருட்டில் இரண்டை எடுத்து உரசினால் கல்லுக்குள்ளேயே மினுக்கென்று ஒரு வெளிச்சம் வரும். மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாசம் அடிக்கும். அதன் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, சிலிக்கான். கம்ப்யூட்டர் சிப்புக்கும் சோலார் பலகைக்கும் மூலப்பொருள் அதுதான்.

கல்லிலிருந்து எடுத்த சிலிக்கானைச் சிப்புக்கு ஆகும் அளவுக்குச் சுத்தப்படுத்துகிற வித்தையைப் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர் ஏ.ஆர். வாசுதேவமூர்த்தியின் குழு சொந்த முயற்சியில் கண்டெடுத்தது. அதை ஆலையாக்க 1980-களில் மேட்டூரில் வந்த நிறுவனம் மெட்கெம் சிலிக்கான். ஆண்டுக்கு 25 டன் பாலிசிலிக்கான். அமெரிக்காவும் ஜப்பானும் ஜெர்மனியும் கைக்குள் மூடி வைத்திருந்த ஒரு பொருள், சேலம் மாவட்டத்துக் கறியுப்பு வாசனையில் பிறந்தது.

அது பிழைத்ததா என்பதுதான் இந்த வாரக் கதை.

◆

முதலில், ஏன் மேட்டூர்?

அணை 1934-ல் முடிந்தது. இரண்டே ஆண்டில், 1936-ல், மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கியது. அணை இருந்தால் மின்சாரம் வரும், மின்சாரம் வந்தால் உப்பைப் பிளக்கலாம் என்பது அன்றைய கணக்கு. உப்புக் கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் மூன்று பொருள் கிடைக்கும். காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன். காஸ்டிக் சோடா சோப்புக்கும் துணிக்கும் போய்விடும். மற்ற இரண்டும் வாயுக்கள். அவற்றுக்கு ஆள் தேட வேண்டும்.

சிலிக்கான் ஆலைக்கு வேண்டியது சரியாக அந்த இரண்டும்தான்!

ஹைட்ரஜனைக் குளோரினில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு. அதைச் சுமார் 300 டிகிரி சூட்டில் சிலிக்கான் பொடியின் மேல் விட்டால் ட்ரைகுளோரோசிலேன் என்கிற திரவம். அந்தத் திரவத்தைச் சுத்தப்படுத்தி, மறுபடி ஹைட்ரஜனோடு சேர்த்துச் சூடாக்கினால் பளிங்கு போன்ற சிலிக்கான். கதவைத் திறந்தால் குளோரின், சுவரேறிக் குதித்தால் ஹைட்ரஜன், தலைக்கு மேல் அணை. இதைவிட வாகான இடம் ஒரு சிலிக்கான்காரருக்கு எங்கே கிடைக்கும்?

எல்லாம் பொருந்தி வந்தது. அணையிலிருந்து வரும் அந்த ஒன்றைத் தவிர.

◆

ட்ரைகுளோரோசிலேன் 32 டிகிரியில் கொதித்துவிடும். மேட்டூர்ச் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் புரியும். நிழலில் வைத்தாலும் தானே கொதிக்கும் சரக்கு அது. ஈரக்காற்று பட்டால் அமிலப் புகையாகக் கிளம்பும். அதைக் குளிர்ந்த குழாய்களுக்குள்ளேயே அடைத்து, திரும்பத் திரும்பக் காய்ச்சி வடிக்க வேண்டும். ஏனென்றால் சிப்புக்குப் போகும் சிலிக்கானில் 100 கோடி அணுக்களுக்கு நடுவே ஒரே ஓர் அந்நிய அணு இருந்தால்கூட வாங்குபவர் முகம் சுளிப்பார். சோலாருக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் விலையும் அவ்வளவு இல்லை.

வடித்த பிறகுதான் நெருப்பு.

கோயில் மணியைப் பெரிதாக்கிக் கவிழ்த்து வைத்தது போன்ற ஒரு கலம். உள்ளே பென்சில் கனத்தில் சிலிக்கான் குச்சிகள், ‘ப’ எழுத்தைத் தலைகீழாக நிறுத்தியது போல. அவற்றின் வழியே மின்சாரத்தைச் செலுத்துவார்கள். குச்சி சிவந்து, வெளுத்து, 1,100 டிகிரியில் தகதகவென்று நிற்கும். அப்போது ட்ரைகுளோரோசிலேன் ஆவியையும் ஹைட்ரஜனையும் உள்ளே விட்டால், குச்சியின் மேல் சிலிக்கான் படியத் தொடங்கும். மணிக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறினால் அதிகம். பென்சில் முன்னங்கைக் கனம் ஆவதற்கு நாள்கணக்கில் ஆகும்.

அத்தனை நாளும் மின்சாரம் நிற்கக் கூடாது. நின்றால் குச்சி குளிரும், குளிர்ந்தால் விரிசல் விடும், விரிசல் விட்டால் அந்த ஈடு போச்சு. மின்வெட்டு என்ற சொல்லைப் பால்குடியோடு கற்ற ஊரில் இப்படி ஓர் உலை!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கலத்தின் சுவர் சூடாக இருந்தால் சிலிக்கான் சுவரிலும் படிந்துவிடும். அதனால் சுவரைச் சுற்றித் தண்ணீர் ஓட விட்டுக் குளிர்வித்துக்கொண்டே இருப்பார்கள். உள்ளே 1,100 டிகிரி, ஒரு முழம் தள்ளிக் குளிர்ந்த சுவர். காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரைச் சுட வைத்துவிட்டுப் போய்விடும்.

பெரிய கலத்தில் நிறையக் குச்சிகளை நெருக்கி நிறுத்தினால் ஒன்றின் அனலில் இன்னொன்று காயும், வீணாவது குறையும். கல்யாணச் சமையலில் பத்துப் படி அரிசிக்கு ஆகும் விறகு, ஒரு படிக்கு ஆவதைப் போலப் பத்து மடங்கா ஆகிறது? சின்னக் கலத்தில் அந்தச் சலுகை கிடையாது. 25 டன் ஆலை சின்னப் பாத்திரம்.

◆

ஒரு கிலோ அலுமினியம் எடுக்கச் சுமார் 15 யூனிட் மின்சாரம் ஆகும். அலுமினியத்தையே ‘உறைந்த மின்சாரம்’ என்று கேலி செய்வார்கள். அந்த நாளைய பாலிசிலிக்கானுக்குக் கிலோவுக்கு 100 யூனிட்டுக்கு மேல்.

15 யூனிட்டே ஓர் ஆலையைப் படுக்க வைத்ததை மேட்டூர் பார்த்துக்கொண்டிருந்தது.

மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, ஊர் வழக்கில் மால்கோ, 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்ஸைட் வெட்டி லாரியில் இறக்குவார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் லோடு வண்டியை இறக்கிய ஓட்டுநர்களின் கதைகளை நாமக்கல் டீக்கடைகளில் இன்றும் கேட்கலாம். மலையில் கல் இருந்தது, சந்தையில் கிராக்கியும் இருந்தது. மின்சாரம்தான் உதைத்தது. பற்றாக்குறை, வெட்டு, கட்டண உயர்வு. ஆலை நலிந்து, நின்று, நலிவடைந்த நிறுவனங்களுக்கான பி.ஐ.எஃப்.ஆர். வாரியத்தின் கதவைத் தட்டியது.

1995-ல் ஸ்டெர்லைட் அதை வாங்கியது. வாங்கியவர்கள் செய்த பெரிய காரியம் சொந்த மின்நிலையம் கட்டியது. மால்கோ லாபத்துக்குத் திரும்பிய வழி அலுமினியத்தில் இல்லை, அனல்மின்நிலையப் புகைபோக்கியில் இருந்தது.

பங்குச் சந்தைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மால்கோ பங்கை வைத்து ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். உலையைப் பார்த்து வாங்கியவர் சிலர், மின்நிலையத்தைப் பார்த்து வாங்கியவர் சிலர். அந்தக் கம்பெனியின் கையில் இருந்த ஸ்டெர்லைட் பங்குகளே போதும், ஆலை இனாம் என்று வாங்கியவர்களும் உண்டு. 2008 இறுதியில் உலகச் சந்தை சரிந்தபோது உருக்கும் கூடத்தை நிறுத்திவிட்டார்கள். மின்நிலையம் மட்டும் தொடர்ந்தது. மின்சாரத்துக்காகத் திணறிய ஆலை, மின்சாரம் விற்கிற ஆலையாக நின்றது.

மால்கோவின் இந்தப் பிற்காலத்தை முந்திச் சொல்லிவிட்டேன். மெட்கெம் கதைக்கு உரைகல் அதுதான், மன்னியுங்கள்.

◆

அணை தலைக்கு மேல் இருக்க, மின்சாரம் எப்படி விலையேறியது?

மேட்டூர் நீர்மின்சாரம் தண்ணீர் திறந்தால்தான் வரும். தண்ணீர் டெல்டாவின் பயிருக்காகத் திறக்கப்படுவது. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. பருவம் பொய்த்தால் அதுவும் இல்லை. 1936-ன் கனவுக்கு அந்த மின்சாரம் தாராளமாக இருந்தது. ஆனால் மாநிலம் வளர வளர, நீர்மின்சாரம் பெரிய வலைப்பின்னலில் ஒரு துளி ஆயிற்று. நிலக்கரி வந்தது. 1980-களின் கடைசியில் அணைக்குப் பக்கத்திலேயே 210 மெகாவாட் எந்திரங்கள் நாலு கொண்ட அனல்மின்நிலையம் எழுந்தது. இனி மேட்டூரில் இருந்தால் என்ன, மணலியில் இருந்தால் என்ன? கட்டணம் ஒன்றே.

அந்தக் கட்டணத்தில் இன்னொரு சுமையும் ஏறியது. விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்து மின்கட்டணப் போராட்டங்கள் கொங்கு மண்ணின் நினைவில் ஆழப் பதிந்தவை. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசமானது. மின்வாரியம் விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டுமே. ஆலைகளின் பில்லில் அது வந்து உட்கார்ந்தது.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. எங்கள் கிணற்று மோட்டாரும் அந்த இலவச மின்சாரத்தில்தான் ஓடியது. நான் படித்த படிப்பும் அந்தத் தண்ணீரில் விளைந்த மரவள்ளிக் கிழங்கில் வந்ததுதான். ஆனால் கணக்கு கணக்குதான். வரப்புக்கு இந்தப் பக்கம் மீட்டரே இல்லாத மோட்டார். அந்தப் பக்கம் மீட்டர் ஓடுவதையே நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஆலை.

◆

மேட்டூரில் இப்படி என்றால், டெல்லியில் வேறொரு கச்சேரி நடந்துகொண்டிருந்தது.

1980-களின் நடுவில் மத்திய மின்னணுத் துறை ‘தேசிய சிலிக்கான் ஆலை’ என்று ஒரு திட்டம் போட்டது. 200 டன். தொழில்நுட்பம் அமெரிக்காவின் ஹெம்லாக் நிறுவனத்திடமிருந்து. ஹெம்லாக் லேசுப்பட்ட பெயர் இல்லை, உலகத்துப் பாலிசிலிக்கானில் முன்வரிசை.

உடனே இரண்டு கட்சி. ‘மேட்டூரில் நம் விஞ்ஞானிகள் செய்து காட்டிய பிறகும் எதற்கு அந்நியச் சரக்கு? அந்தப் பணத்தில் கொஞ்சத்தை இங்கே கொடுத்தால் இவர்களே பெரிதாக்கிக் காட்டுவார்களே’ என்றது ஒன்று. ‘25 டன் செய்தவர் 200 டன் செய்வார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சோலாருக்குப் போதும் சுத்தம், சிப்புக்குப் போதுமா?’ என்றது இன்னொன்று. பத்திரிகைகளில் விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் மாறி மாறி எழுதித் தீர்த்தார்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு கட்சியும் பாதி சரி. பெரிய கலம் வேண்டும் என்பதில் டெல்லி சரி. கையில் இருக்கிற வித்தையை வளர்க்காமல் விட்டால் அது செத்துப்போகும் என்பதில் மேட்டூர்ப் பக்கம் சரி.

முடிவு என்ன? ஹெம்லாக் ஆலை எழவே இல்லை. மேட்டூர் ஆலையும் 200 டன் ஆகவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்ததில் வேட்டி கிழிந்ததுதான் மிச்சம்.

இதற்கு நடுவில், 7.2.1989 அன்று மொஹாலியில் இருந்த அரசு சிப் தொழிற்சாலை, செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், தீப்பிடித்து எரிந்தது. 1984-ல் உற்பத்தி தொடங்கிய அதுதான் நாட்டின் சிப் நம்பிக்கை. மறுபடி எழுந்து நிற்க அதற்கு எட்டு ஆண்டு பிடித்தது. இந்தியாவில் சிலிக்கான் செய்கிற எவரும், என்றாவது ஒருநாள் உள்ளூர்ச் சிப்புக்கு விற்கலாம் என்று வைத்திருந்த கனவும் அந்தப் புகையோடு போயிற்று. எஞ்சிய வாடிக்கை சோலார். அன்றைக்கு இந்தியச் சோலார் என்றால் பெல், சி.இ.எல். என்று ஒரு கை விரலுக்குள் அடங்குகிற அரசு நிறுவனங்கள்தான்.

◆

இங்கே என் பெரியப்பாவைக் கொஞ்சம் உள்ளே விடுகிறேன்.

திருச்செங்கோட்டில் இரண்டு லாரி வைத்திருந்தார். மேட்டூரிலிருந்து காஸ்டிக் சோடா லோடு ஏற்றியவர். 1992, ஹர்ஷத் மேத்தா காலம். கல்லூரியில் இருந்த எனக்குப் பங்குச் சந்தைக் காய்ச்சல். வெங்கச்சங்கல்லில் இருந்து கம்ப்யூட்டர் வருகிறது என்று எங்கோ படித்துவிட்டு ஓடிப் போய்ச் சொன்னேன்.

“பெரியப்பா, இனிமே சிலிக்கான்தானுங்க எல்லாம். நம்ம மேட்டூர்லயே பண்றாங்களாமா. அந்த மாதிரிக் கம்பெனி ஷேரு வாங்கிப் போட்டா பத்து வருசத்துல எங்கியோ போயிருமுங்க.”

அவர் ட்ரிப் ஷீட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை. “ஏங் கண்ணு, வண்டி வாங்கறவன் என்ன கேப்பான்?”

“என்ன வெலைன்னு கேப்பானுங்க.”

“மைலேஜ் என்னன்னு கேப்பான். ஒரு கிலோவுக்கு எத்தன யூனிட்டுக் கரண்டு குடிக்குது, அதச் சொல்லு மொதல்ல.”

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆனது.

இவ்வளவு பேசியவரும் சறுக்காதவர் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் என்று பெயரில் இருந்த ஏதோ ஒரு கம்பெனியின் புதுப் பங்குக்கு, வங்கி வாசலில் இலவசமாகக் கொடுத்த விண்ணப்பத்தை நிரப்பிப் பணம் கட்டியிருந்தார். கம்பெனி காணாமல் போய்விட்டது. அந்தப் பத்திரம் இரும்புப் பெட்டியில், விற்றுவிட்ட ஒரு லாரியின் ஆர்.சி. புத்தகத்துக்கு அடியில் கிடந்தது. பெரியம்மா அதைக் காட்டி, “இதுக்கு மைலேஜ் கேக்கலியாமா உங்க பெரியப்பா?” என்று என்னிடம் கேட்பார். அவர் காதில் விழாத மாதிரி எழுந்து போய்விடுவார்.

2021 டிசம்பரில் மத்திய அரசு சிப் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்த பிறகு, பெயரில் செமிகண்டக்டர் என்று ஒட்டியிருந்தாலே பங்கு வாங்கக் கிளம்பிய கூட்டத்தைப் பார்த்தபோது அந்த இரும்புப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

◆

1991 ஜூலை. மன்மோகன் சிங்கின் பட்ஜெட்டோடு இறக்குமதி வரிச் சுவர்கள் இறங்கத் தொடங்கின. சின்னப் பாத்திரத்தில் சமைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இனி வெளியூர்ச் சாப்பாட்டோடு போட்டி.

அதிலும் சோலார் சிலிக்கானுக்கு வந்த போட்டி விசித்திரமானது. உலகத்தில் அன்று பாலிசிலிக்கானைப் பெருவாரியாகத் தின்றது சிப் தொழில். சோலார்க்காரர்கள் அதன் பந்தியில் மிச்சத்துக்குக் காத்திருந்தவர்கள். சிப்புக்குத் தேறாத கட்டி, வெட்டியெறிந்த வால், தலை என்று அள்ளிக் குறைந்த விலைக்கு வாங்கிப் போவார்கள். மேட்டூரில் மின்சாரத்துக்குப் பணம் கட்டிப் புதிதாகச் செய்த சிலிக்கான், அமெரிக்க ஆலையின் கழிவோடு விலையில் மோத வேண்டும். சிப் சந்தை படுக்கும் வருடங்களில் முதல்தரச் சரக்கே மலிந்துவிடும். அப்போது நிலைமை இன்னும் மோசம்.

ஆலைக்காரர் முன்னால் என்ன வழி இருந்தது? பாத்திரத்தைப் பெரிதாக்கலாம். அதற்குப் பணமும் வேண்டும், 200 டன்னை வாங்க ஆளும் வேண்டும். இரண்டும் இல்லை. மால்கோ போலச் சொந்த மின்நிலையம் கட்டலாம். 25 டன் ஆலைக்கு மின்நிலையம் என்பது, ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்ட எருமை வாங்குவது. பக்கப் பொருளைக் காசாக்கலாம். கலத்துக்குள் போகும் ஆவியில் ஒரு பகுதிதான் சிலிக்கானாகப் படியும். மீதியில் நிறைய சிலிக்கான் டெட்ராகுளோரைடாக வெளியே வரும். பெரிய ஆலைகள் அதைத் திரும்ப மாற்றி உள்ளேயே விட்டுவிடும். அப்படி முடியாதவர்கள் அதை எரித்து, பற்பசைக்கும் பெயின்டுக்கும் போகிற நுண்ணிய ஃப்யூம்டு சிலிக்காப் பொடி ஆக்கலாம். பிற்காலத்தில் கேபட் நிறுவனத்தோடு கூட்டாக அந்தப் பொடிக்கென்றே ஓர் ஆலை மேட்டூரில் வந்தது. நல்ல தொழில். ஆனால் அது வேறு தொழில்.

கடைசியாக ஒரு வழி. சொல்லச் சுலபம், செய்ய நெஞ்சு வேண்டும். எதைச் செய்யப் பிறந்தோமோ அதை விட்டுவிடுவது.

இதைச் செய்து காட்டியவர்கள் உலகத்தில் இருந்தார்கள். இன்டெல் 1968-ல் பிறந்தது மெமரி சிப் செய்யத்தான். ஜப்பான்காரர்கள் அதே சிப்பை இன்னும் மலிவாக, இன்னும் சுத்தமாகச் செய்யத் தொடங்கியதும் இன்டெல் ரத்தம் கக்கியது. 1985-ல் ஆண்டி குரோவும் கார்டன் மூரும் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள். நம்மைத் துரத்திவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்தால் அவர் முதலில் என்ன செய்வார்? மெமரியை விட்டொழிப்பார். பிறகு அதை நாமே ஏன் செய்யக் கூடாது? விட்டார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. பிராசஸர் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்தார்கள். 2009-ல் ஏ.எம்.டி. தன் ஆலைகளையே அபுதாபிப் பணத்தின் கையில் கொடுத்துவிட்டு, வரைபடம் மட்டும் போடும் கம்பெனியாக மாறியதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

இன்டெலுக்குப் பிடித்துக்கொள்ளப் பிராசஸர் இருந்தது. மேட்டூருக்கு?

◆

வேஃபர் இருந்தது.

பாலிசிலிக்கானை உருக்கி, ஒரு விதைப் படிகத்தை அதில் தொட்டு, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுத்தால் ஒற்றைப் படிகமாக உருண்டை வாழைத்தண்டு போல எழும்பி வரும். அதை அப்பளம் போல மெல்லிசாக அறுத்தால் வேஃபர். இதற்கும் சூடு வேண்டும், சிலிக்கான் 1,414 டிகிரியில்தான் உருகும். ஆனால் மணிக்கலம் குடிக்கிற மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இது குறைவு. பாலிசிலிக்கானை வெளியே வாங்கி, இங்கே இழுத்து, அறுத்து, விற்றால்?

அந்தக் கணக்குத்தான் வென்றது. மின் கட்டணத்தோடு மல்லுக்கட்டி மாளாமல், மேட்டூரில் பாலிசிலிக்கான் உற்பத்தி நின்றது. வெளியே வாங்கிய சிலிக்கானில் படிகமும் வேஃபரும் செய்கிற ஆலையாக மெட்கெம் தொடர்ந்தது.

மணிகள் தூக்கப்பட்ட நிலையில் நின்றன. பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயில் தொடங்கி, இந்த மண்ணில் டன் கணக்கில் செய்து காட்டிய வித்தை, கணக்குப் பிள்ளையின் ஒரு கூட்டலில் ஓய்ந்தது. அந்தக் கூட்டல் தவறு என்று எவராலும் சொல்ல முடியாது. நீங்களே போட்டுப் பாருங்கள். 2003 வாக்கில் உலகச் சந்தையில் ஒரு கிலோ பாலிசிலிக்கான் 30 டாலர் சுற்றில் இருந்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,400 ரூபாய். சின்ன ஆலையில் கிலோவுக்கு 150 யூனிட், யூனிட் 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மின்சாரத்துக்கு மட்டும் 600. மூலப்பொருள், கூலி, வட்டி, தேய்மானம் எல்லாம் அதற்கு மேல். பெரியப்பா பாஷையில் சொன்னால், டீசலுக்கே வாடகையில் ஏறக்குறைய பாதி போகிற வண்டி. எந்த லாரிக்காரரும் அதை ஷெட்டில் விட்டுவிடுவார்.

◆

ஷெட்டில் விட்ட வண்டியைப் பற்றி எல்லோரும் மறந்துபோயிருந்த நேரத்தில், 7,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம் திருத்தப்பட்டது.

ஜெர்மனி. கூரையில் சோலார் பலகை வைத்து மின்சாரம் கொடுப்பவருக்கு இருபது ஆண்டுக்கு உறுதியான விலை என்று 2000-ல் கொண்டுவந்த சட்டத்தை, 2004-ல் இன்னும் தாராளமாக்கினார்கள். பவேரியாவில் மாட்டுக் கொட்டகை வைத்திருந்த விவசாயிகள்கூடக் கூரைக்குப் பலகை வாங்கக் கிளம்பினார்கள். பந்தியில் மிச்சத்துக்குக் காத்திருந்த சோலார், இலையைப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தது.

சிலிக்கான் போதவில்லை. 30 டாலர் 60 ஆயிற்று, 100 ஆயிற்று, 200-ஐத் தாண்டியது. 2008-ல் உடனடிச் சரக்குக்கு ஒரு கிலோ 400 டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள். சீனாவில் சிமென்ட்காரரும் துணிக்காரரும் பாலிசிலிக்கான் ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். முதலீட்டாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கொட்டினார்கள்.

அதே கூட்டலை இப்போது போடுங்கள். 400 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 17,000 ரூபாய். மின்சாரம் யூனிட் 5 ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் 750. மீட்டர் எவ்வளவு வேகமாக ஓடினால்தான் என்ன?

குளோரின் அதே கதவுக்குப் பின்னால் இருந்தது. ஹைட்ரஜனும் இருந்தது. அந்த மணியைக் கவிழ்க்கத் தெரிந்த கைகளும் ஊரில் இன்னும் இருந்தன. ஆனால் பெரிய கலங்களோடு புது ஆலை எழுப்ப மூன்று ஆண்டு பிடிக்கும். 400 டாலர் மூன்று ஆண்டு காத்திருக்குமா?

(தொடரும்)